நாயின் தோல் அரிப்புக்குக் கைவைத்தியம்: எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது?

காட்பாடிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மணி, ராஜபாளையமும் நாட்டு நாயும் கலந்த நான்கு வயது ஆண் நாய். அக்கினி நட்சத்திரம் முடிந்து மாலை மழை தொடங்கியதிலிருந்து அடிவயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் ஓயாமல் சொறிந்துகொள்கிறான். இரவில் முன்னங்கால் விரல்களுக்கு நடுவே நக்கிக்கொண்டே இருப்பதால் அங்குள்ள வெள்ளை முடி செங்காவி நிறமாக மாறிவிட்டது. காது மடலைத் தூக்கினால் புளித்த மாவின் வாடை வருகிறது. மருத்துவரிடம் காட்டியபோது ஓர் ஊசி போட்டார். அன்றே அரிப்பு அடங்கியது, ஊசியின் வேகம் தணிந்ததும் திரும்பிவிட்டது. மறுபடியும் அதே ஊசிக்கு அழைத்துச் செல்ல மனம் ஒப்பவில்லை.

வேப்பிலை, மஞ்சள், கற்றாழை, தேங்காய் எண்ணெய் என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மையில் செய்து பார்த்தவர்கள் அளவோடும் முறையோடும் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பார்த்தீனியம் மண்டிய காலி மனை ஒன்று இருக்கிறது என்பதையும், குளிப்பாட்டுவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தம்_விவசாயி எழுதியது:

சகோதரி, எங்கள் கொட்டகையில் மாடுகளுக்கு உண்ணி பிடித்தால் கடைக்கு ஓடுவதில்லை. வசம்பு, பூண்டு, வேப்பிலை, துளசி, உண்ணிச்செடி இலை, மஞ்சள் தூள் எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீரில் கலந்து வடிகட்டி உடம்பெங்கும் தெளிப்போம். கால்நடைத் துறைப் பயிற்சி முகாம்களிலேயே இந்த மூலிகைக் கரைசலைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதையே நாய்க்கும் தெளித்து விடுங்கள். தெளித்த பிறகு தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி, ஆறியதும் தேய்த்தால் சொறி அடங்கும். இது எங்கள் தாத்தா காலத்திலிருந்து செய்து வரும் முறைதான்.

அணைக்கட்டு_ஓய்வாளர் எழுதியது:

கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உடனடியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா, மேலே நண்பர் சொன்ன இரண்டையும் மணிக்குச் செய்துவிடாதீர்கள். மாட்டுக்கான அந்தக் கரைசல் நல்ல கரைசல்தான், நானே பல கொட்டகைகளில் செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் அது உண்ணியை விரட்டுவதற்கே தவிர அரிப்பைத் தணிப்பதற்கு அன்று. நாய் தன் உடம்பில் பட்ட எதையும் சற்று நேரத்தில் நக்கி விழுங்கிவிடும். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பொருள்கள். உண்ணிச்செடி இலை வயிற்றில் போனால் ஈரலைக் கெடுக்கும். கற்பூரமோ தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினாலும் போகும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். எண்ணெயில் கரைந்த கற்பூரம் இன்னும் விரைவாக உடம்பில் இறங்கும். மனிதர் தலைக்குத் தேய்க்கும் வைத்தியத்தையும், மாட்டுக்குத் தெளிக்கும் வைத்தியத்தையும் நாய்க்குக் கொண்டுவரும்போது, அது நக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

எதைப் பூசுவது என்று தீர்மானிப்பதற்கு முன் அரிப்பு எந்த இடத்தில் என்பதைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பின் மேற்புறத்திலும் கடித்துக்கொண்டால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். காது மடல் ஓரம், முழங்கை, கணுக்கால் ஆகிய இடங்களில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் சொறிப்பூச்சி; அது வீட்டு மனிதர்களின் கையிலும் வயிற்றிலும் கூடச் சிவந்த பருக்களை உண்டாக்கும். விரல் இடுக்கு, அடிவயிறு, அக்குள், காது, முகம் ஆகிய இடங்களில் அரிப்பு என்றால் தூசி, மகரந்தம், உணவு போன்றவற்றின் ஒவ்வாமையை எண்ண வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்றாவதோடு பொருந்துகின்றன. புளித்த வாடை, அதன் மேல் பூஞ்சையும் சேர்ந்துவிட்டதைக் காட்டுகிறது.

மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு இதே பருவத்தில் நக்கினானா? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா? என்ன சாப்பிடுகிறான்?

காட்பாடிக்காரி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. இரண்டு வயதில் முதல் முறையாக மழைக்காலத்தில் விரலை நக்கத் தொடங்கினான். குளிர் வந்ததும் தானாகவே நின்றது. ஆண்டுக்கு ஆண்டு சற்றே அதிகமாகி வருகிறது. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. கோழிக்கால், கோழி ஈரல் போட்டு வேகவைத்த சோறுதான் அவனுக்கு நாள்தோறும் உணவு. மாலையில் பால், இடையில் பிஸ்கட். புரட்டாசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது என்பதால் அவனும் தயிர்ச்சோறுதான் சாப்பிட்டான். அந்த மாதத்தில் அரிப்பு குறையவில்லை. ஆகவே கோழி காரணமில்லை என்று முடிவு செய்துவிடலாமா?

வாலாஜா_மாணவி எழுதியது:

அக்கா, நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். புரட்டாசியை வைத்து முடிவு செய்துவிட முடியாது என்பதே என் கருத்து. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நாய் இதுவரை சாப்பிடாத ஒரே வகைப் புரதத்தை, ஒரே வகை மாவுப் பொருளோடு, குறைந்தது 8 வாரங்களுக்கு விடாமல் கொடுக்க வேண்டும். அந்த மாதத்தில் கோழி நின்றது, ஆனால் தயிரும் பாலும் கோதுமை பிஸ்கட்டும் தொடர்ந்தன. நாய்களுக்கு ஒவ்வாமை தரும் பொருள்களில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. ஆட்டிறைச்சி அவனுக்குப் பழக்கமில்லை என்றால் கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சியும் சோறும் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். அந்த வாரங்களில் ஒரு பிஸ்கட் கூடக் கூடாது, பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுக்கும் இட்லியும் கூடாது. அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீண்டால்தான் உறுதி. இறைச்சி, சோறு மட்டுமே நீண்ட நாள் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்துக் குறையும் என்பதால் இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆனால், சென்ற ஆண்டுகளிலும் மழையோடு வந்து குளிரோடு போனது என்பதைப் பார்த்தால், சாப்பாட்டை விடச் சுற்றுப்புறத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கோழிச் சோறு பன்னிரண்டு மாதமும் ஒன்றுதானே? இத்தகைய ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டுவது. மணி இரண்டு வயதில் தொடங்கினான்.

ஆம்பூரான் எழுதியது:

சுற்றுப்புறம் என்றதும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் நாய்க்கும் இதே போல அடிவயிறும் தாடையும் சிவந்து தடித்தன. அது படுத்திருந்தது ஷூ கம்பெனியிலிருந்து வந்த தோல் வெட்டுத்துண்டுகளை அடைத்த சாக்கின் மேல். பொழுதுபோக்காகக் கடித்துக் கொண்டிருந்ததும் அதே துண்டுகளைத்தான். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டுத் திண்ணையிலும் காணக்கூடிய காட்சி. ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் குரோமிய உப்புகளால் பதனிடப்படுகிறது. மனிதர்களுக்குக் குரோமியத்தால் தோல் ஒவ்வாமை வருவது நன்றாக அறியப்பட்ட செய்தி. சாக்கை அகற்றிப் பழைய பருத்திப் புடவையை விரித்த பிறகு சிவப்பு மெல்ல வடிந்தது. காரணம் அதுவேதான் என்று நான் சாதிக்கவில்லை, ஆனால் முடி குறைந்த இடங்கள் எதன் மேல் படுகின்றன என்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. உங்கள் காலி மனையில் இருக்கும் பார்த்தீனியம், வயல் வேலை செய்பவர்களின் கை கழுத்தையே புண்ணாக்கும் செடி. மணி அதில் புரண்டுவிட்டு வருகிறானா என்று கவனியுங்கள்.

இன்னொன்று: பிரியாணியில் மிஞ்சிய எலும்பை நாய்க்குப் போடும் பழக்கம் எங்கள் ஊரில் அதிகம். மேலே ஐயா வெங்காயம், பூண்டு பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும் அல்லவா?

அணைக்கட்டு_ஓய்வாளர் எழுதியது:

நூற்றுக்கு நூறு பொருந்தும். வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும் என்பது தனி.

ஆற்காட்டுக்_குரல் எழுதியது:

இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று புரியவில்லை. நெடுஞ்சாலையோரத்து லாரிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட கறுப்பு ஆயிலைச் சொறி பிடித்த தெருநாய்களுக்குப் பூசி, முடி முளைத்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் போனால் காரணத்தைத் தேடாமல் ஊசி போட்டுப் பணம் வாங்கி அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே ஊசி. எனக்கும் அப்படித்தான் நடந்தது. இயற்கை வைத்தியத்தை இந்த இழையில் ஏளனம் செய்வது வருத்தமளிக்கிறது.

வாலாஜா_மாணவி எழுதியது:

ஐயா, கழித்த எஞ்சின் ஆயில் எந்த வகையில் இயற்கை என்று எனக்கு விளங்கவில்லை. அதில் பெட்ரோலியக் கழிவும் உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன. நாய் அதை நக்கினால் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும், தோலும் வெந்துபோகும். மண்ணெண்ணெய்க்கும் பினாயிலுக்கும் இதே பதில்தான். முடி முளைத்த நாய்களை நீங்கள் பார்த்தீர்கள். ஆயில் பூசப்பட்ட பிறகு பட்டறைப் பக்கம் திரும்பி வராத நாய்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஊசியைப் பற்றிய உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அரிப்பால் நாய் தன்னைத்தானே கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளும்போது அதை நிறுத்த அதைப் போல விரைவானது குறைவு. காரணத்தைத் தேடாமல் மாதந்தோறும் போட்டுக்கொண்டே போனால்தான் தீங்கு: தாகமும் பசியும் கூடும், தோல் மெலியும், தொற்று எளிதில் பற்றும். ஆகவே மருத்துவரிடம் போகவே வேண்டாம் என்று முடிவு செய்வதை விட, தோலைச் சுரண்டியும் ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்தும் நுண்ணோக்கியில் பாருங்கள் என்று கேட்பது நல்லது. அந்த வசதி அருகில் இல்லையென்றால் சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். காட்பாடியிலிருந்து ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான்.

காட்பாடிக்காரி எழுதியது:

பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். அதுவரை இரவில் அவனும் தூங்குவதில்லை, நாங்களும் தூங்குவதில்லை. நக்கினாலும் ஆபத்தில்லாமல், அரிப்பை மட்டும் தணிக்க வீட்டில் எதைச் செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

ஆம்பூரான் எழுதியது:

ஓட்ஸ் குளியல்தான் என் பரிந்துரை. சர்க்கரையோ மசாலாவோ சேராத வெறும் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். சரியாக அரைபட்டதா என்று பார்க்க, ஒரு கரண்டி மாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுத்து, தொட்டால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மாவு அடியில் தங்கிவிட்டால் இன்னும் அரைக்க வேண்டும். அரை வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு தம்ளர் மாவைக் கரைத்து, நாயை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, இந்தக் கரைசலைக் குவளையால் அடிவயிற்றிலும் தொடையிலும் மெதுவாக ஊற்றிக் கையால் ஒற்றி ஒற்றித் தடவுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தோலில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. எங்கள் வீட்டில் ஒருவர் தலையைத் தடவிப் பேச்சுக் கொடுப்பார், மற்றவர் ஊற்றுவார். பிறகு அலசிவிட்டுத் துண்டால் ஒற்றியெடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் அரிப்பு கிளம்பும். வெந்நீர் அறவே கூடாது. வடித்த கஞ்சியை ஆறவைத்து இதே போல ஊற்றுவதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். உப்புப் போடாத கஞ்சியாக இருக்க வேண்டும், நன்றாக அலச வேண்டும், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும்.

உப்புத் தண்ணீரைப் பொறுத்தவரை, கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடின நீரில் சோப்பும் ஷாம்புவும் முழுவதும் போகாமல் தோலில் தங்கிவிடுகின்றன.

வாலாஜா_மாணவி எழுதியது:

மேலே சொன்ன முறை சரியானது. மற்ற பொருள்களைப் பற்றிச் சில சொற்கள். நாயின் தோல் நம் தோலை விடக் காரத்தன்மை கூடியது, மேல்தோலும் மெல்லியது. ஆகவே நம் குளியல் சோப்பும், நம் தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவும், குழந்தை ஷாம்பு உட்பட, அடிக்கடி பயன்படுத்தத் தக்கவையல்ல. சீயக்காய்த் தூள் எண்ணெய்ப் பசையை உரித்தெடுத்துவிடும். ஏற்கெனவே வறண்டு அரிக்கும் தோலுக்கு அது வேண்டாம்.

வேப்பிலையைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீரில் காலையும் வயிற்றையும் அலசலாம். கசப்பினால் நக்குவதும் சற்றுக் குறையும். வேப்பெண்ணெயை அப்படியே பூசுவது வேறு. அது தோலை எரிக்கும், நக்கினால் எச்சில் வடிந்து வாந்தி வரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி மனிதர்களின் சொறிக்குப் பலன் கண்டதாக 1992-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது என்பது உண்மைதான். ஆனால் மனிதர் பூசிய மருந்தை நக்குவதில்லை, அக்கா. கற்றாழை மடலை வெட்டி நிமிர்த்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். அந்தப் பாலும் பச்சைத் தோலும் நாய்க்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தருபவை. கழுவியெடுத்த கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் பூசலாம், அதுவும் காயும் வரை நக்க விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால்.

தேங்காய் எண்ணெய் வறண்டு செதிலுதிரும் இடத்துக்கு நல்லது. மணியின் காதுக்கும் விரல் இடுக்குக்கும் வேண்டாம். புளித்த வாடைக்குக் காரணமாகப் பெரும்பாலும் இருக்கும் மலசீசியா என்னும் பூஞ்சை எண்ணெய்ப் பசையும் ஈரமும் உள்ள இடத்தை விரும்புவது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டுக் களிம்புகளும் சளி மாத்திரைகளும் வீட்டு வைத்தியம் என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகின்றன. பாரசிட்டமால் கலந்த மாத்திரை நாய்க்கு விஷம் போன்றது.

குடியாத்தம்_விவசாயி எழுதியது:

பூண்டு பற்றிய செய்தி எனக்குப் புதியது, குறித்துக்கொண்டேன். ஆனால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முடிக்குள் கையை விட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை.

அணைக்கட்டு_ஓய்வாளர் எழுதியது:

ஒரு வெள்ளை வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து கீழே விரியுங்கள். நாயை அதன் மேல் நிற்க வைத்து, வால் தொடங்கும் இடத்தில் ஈர்கொல்லிச் சீப்பால் வாருங்கள். மிளகுப் பொடி போலக் கறுப்புத் துகள்கள் விழும். சற்று நேரத்தில் அந்தத் துகளைச் சுற்றி ஈரத்தில் செம்பழுப்புக் கறை பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். பரவாவிட்டால் வெறும் மண். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் இந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

இருப்பது தெரிந்தால் நாயை மட்டும் கவனித்துப் பயனில்லை. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் இருக்கின்றன. உண்ணியோ சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். உண்ணி மிகுந்த நாய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையோ சொட்டு மருந்தோ அவசியம். உண்ணிக் காய்ச்சலில் இறந்த நாய்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த விஷயத்தில் கைவைத்தியத்தை நான் ஏற்பதில்லை.

காட்பாடிக்காரி எழுதியது:

பரிசோதனை முடிந்தது. இம்முறை வேறொரு மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சமும் இல்லை. விரல் இடுக்கிலும் காதிலும் பூஞ்சை நிறைய இருக்கிறது. அடியில் இருப்பது சுற்றுப்புற ஒவ்வாமையாக இருக்கலாம் என்றும், அதை முழுவதும் அகற்ற முடியாது, அடக்கி வைக்கத்தான் முடியும் என்றும் சொன்னார். கிருமியையும் பூஞ்சையையும் அடக்கும் குளோர்ஹெக்சிடின், கீட்டோகோனசோல் என்ற மருந்துகள் கலந்த ஷாம்புவும் காதுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார். ஷாம்பு போடாத நாளில் ஓட்ஸ் குளியல் கொடுக்கிறேன். குளித்த இரவில் நக்குவது கண்கூடாகக் குறைகிறது. இதோடு வேறு என்ன செய்யலாம், ஐயா?

அணைக்கட்டு_ஓய்வாளர் எழுதியது:

அந்த ஷாம்புவும் நுரை வந்தவுடன் அலசக் கூடாது அம்மா, பத்து நிமிடம் ஊற வேண்டும். வெளியில் போய்வந்ததும் நான்கு கால்களையும் வயிற்றையும் வெறும் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். மகரந்தமும் தூசியும் உள்ளே போவது பெரும்பாலும் தோலின் வழியாகத்தான். கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுவது கழுவாமல் இருப்பதை விட மோசம், ஐப்பசி மழையில் சொல்லவே வேண்டாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும் நாளில், கையுறை போட்டு வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். மத்தி மீன் கிடைக்கும் நாளில் உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்துக் கொடுக்கலாம், அல்லது மருத்துவர் சொல்லும் அளவில் மீன் எண்ணெய் மாத்திரை; பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். உணவுச் சோதனையில் இறங்கினால் அந்த வாரங்களில் மட்டும் மீன் கூடாது.

குடியாத்தம்_விவசாயி எழுதியது:

வேட்டித் துண்டுச் சோதனையை எங்கள் காவல் நாய்க்குச் செய்து பார்த்தேன், கறை வரவில்லை. ஆனால் அதன் காது ஓரத்தில் முடியில்லாமல் பொருக்காக இருக்கிறது. சில நாளாக என் முன்கையிலும் சிறு பருக்கள் இரவில் அரிக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா, ஐயா?

அணைக்கட்டு_ஓய்வாளர் எழுதியது:

அந்தக் காது ஓரத்தை விரலிடுக்கில் பிடித்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். தேய்க்கும்போதே பின்னங்கால் தானாகச் சொறிவது போல ஆடினால் சொறிப்பூச்சி என்றே வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் வேப்பிலையில் நேரத்தைக் கழிக்காமல் நாளைக் காலையே அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கொட்டகையில் வேறு நாய்கள் இருந்தால், அரிப்பு இல்லாவிட்டாலும் அவற்றையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். நீங்களும் உங்கள் கையைத் தோல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் நாய் இருக்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை அந்த நாய் படுக்கும் சாக்கை வேறு எந்த நாயும் படுக்காத இடத்தில் போடுங்கள்.